பணம் கட்டுவதற்கு முன் சங்கத்தைக் கேட்டிருக்கலாம்

மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கம், செபராங் பிறையில், ஒரு தமிழ்ப்பள்ளியில் பதினான்கு வருடமாகப் படித்துக்கொடுக்கிறேன். 2022-இல் பகுதி நேரமாக முதுகலை படிக்கச் சேர்ந்தேன். நான்கு பருவத்தில் முடிய வேண்டிய படிப்பு ஆறு பருவம் இழுத்தது. கூடுதலாகப் போன பணம் மட்டும் 4,600 வெள்ளி (ரிங்கிட்). போன சனிக்கிழமைகளுக்குக் கணக்கே இல்லை. பாடம் கடினமாக இருந்ததால் அப்படி ஆகவில்லை. யாரையும் கேட்காமல் நானாக ஓடியதுதான் காரணம். கேட்டிருந்தால் சொல்வதற்கு ஆசிரியர் தொழிற்சங்கத்தில் ஆள் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆசிரியர்களே, உங்களில் யாராவது இந்த வருடம் மேல்படிப்புக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தால் ஒரு பத்து நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்.

நான் ஏன் படிக்கப் போனேன் என்று முதலில் சொல்ல வேண்டும். என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வருடா வருடம் ஏழெட்டுப் பிள்ளைகள் தமிழ் வாசிக்கத் திணறுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், கணக்கு நன்றாகச் செய்வார்கள். ஆனால் வாக்கியத்தில் மூன்றாவது சொல் வந்ததும் நின்றுவிடுவார்கள். குறிலும் நெடிலும் குழம்பும், கொம்பு எழுத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தேடுவார்கள். இதை எப்படிச் சரி செய்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சியும் வரவில்லை. பயிற்சிகளுக்குக் குறைவில்லை. அரசு ஊழியர் வருடத்துக்கு இவ்வளவு பயிற்சி பெற வேண்டும் என்று விதியே உண்டு. பள்ளி முடிந்த பிறகு லடாப் என்ற பணியிடைப் பயிற்சி நடக்கும், பி.எல்.சி. என்ற ஆசிரியர் கற்றல் குழு நடக்கும், இயங்கலையில் ஏதாவது ஓடும். பெயர் பதிவாகும், மணி நேரம் ஏறும். ஆனால் பெரும்பாலும் புதிய பாரத்தை எப்படி நிரப்புவது, எந்தத் தளத்தில் புள்ளி ஏற்றுவது என்பதுதான் பாடம். தமிழ் எழுத்தை ஒரு குழந்தையின் கண் எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சரி, நானே தேடிப் படிக்கிறேன் என்று கிளம்பினேன். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை.

2022 பிப்ரவரியில் சேர்ந்தேன். ஒரு பருவத்துக்கு 2,300 வெள்ளி. சனிக்கிழமை காலை ஆறரைக்கு பட்டர்வொர்த்திலிருந்து காரை எடுத்தால்தான் பாலத்தில் நெரிசல் இல்லாமல் தீவுக்குப் போகலாம். தீவுக்குப் போகும் பக்கம் மட்டும்தான் டோல், அப்போது 5.74 வெள்ளி. டச் அண்ட் கோ அட்டையில் அந்தத் தொகை விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அறுபது தடவையாவது போயிருப்பேன். என் மகன் அப்போது முதலாம் ஆண்டு. அவன் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டது அந்த வருடம்தான். உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது என் மாமியார். ஊரார் பிள்ளைகள் வாசிப்பதைப் பற்றி நான் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது என் பிள்ளை முதல் முதலாக ஒரு முழுப் பக்கம் வாசித்ததை நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் வலிக்கிறது.

சேரும்போது தலைமையாசிரியரிடம் வாய் வார்த்தையாகச் சொன்னேன். "நல்லது, படிங்க டீச்சர்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். என் பணம், என் சனிக்கிழமை, இதில் வேறு யாருக்கு என்ன வேலை என்பதுதான் என் எண்ணம். முதல் தவறு அதுதான். அரசுப் பணியில் இருக்கும் ஆசிரியர் சொந்தச் செலவில் வார இறுதியில் படித்தாலும் கல்வி இலாகாவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும், பதில் கடிதம் வர வேண்டும், அதன் நகல் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் முதல் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தலைமையாசிரியர் நல்லவராக இருப்பது வேறு, கடிதம் இருப்பது வேறு. நல்லவர்கள் மாற்றலாகிப் போவார்கள். என்னுடையவரும் அடுத்த வருடமே போய்விட்டார்.

பணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவர்கள் கட்டும் கட்டணத்துக்கு வருமான வரியில் வருடத்துக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. எனக்கு அது தெரியாது. 2022-இல் கட்டிய 4,600 வெள்ளிக்கு ரசீதுகூட எடுத்து வைக்கவில்லை. அப்புறம், எச்.எல்.பி. என்று எல்லாரும் சொல்லும் அரசாங்க உபகாரச் சம்பளத்துக்கு நான் விண்ணப்பித்துக்கூடப் பார்க்கவில்லை. முழுச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு கிடைக்கும் வழி அது. "நம்மைப் போன்றவர்களுக்கு எங்கே கிடைக்கும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்காமலே விட்டது என் குற்றம். இன்னொன்று, முதுகலை முடித்தால் பதவி உயர்வு தானாக வரும் என்று சிலர் சொல்வார்கள். வராது. அதற்காக மட்டும் படிப்பதாக இருந்தால் சேருவதற்கு முன் இன்னொரு தடவை யோசியுங்கள்.

பெரிய அடி 2023-இல் விழுந்தது. ஆய்வுக்கு என் வகுப்பையே எடுத்துக்கொண்டேன். இருபத்தெட்டுப் பிள்ளைகள். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொருவராக என் மேசைக்குப் பக்கத்தில் வந்து ஒரு சிறு பத்தியை வாசிப்பார்கள். நான் ஒரு தாளில் குறிப்பேன். எங்கே நிற்கிறார்கள், எதை மாற்றி வாசிக்கிறார்கள், எத்தனை விநாடி ஆகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு பையன் 'பழம்' என்பதைப் 'பளம்' என்றுதான் வாசிப்பான். ஒன்பதாவது வாரம் ஒரு நாள் அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றான், நாக்கை மடித்துப் பார்த்தான், 'பழம்' என்றான். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தத் தாளில் அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் போட்டு வைத்தேன். அவ்வளவையும் பழுப்பு உறையில் கட்டி எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இ.பி.ஆர்.டி. அனுமதிக் கடிதம் எங்கே?" என்று கேட்டார்.

நான் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளியில் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் அந்தப் பிரிவு அனுமதி தர வேண்டும். இ-ராஸ் என்ற தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வுத் திட்டம், வினாத்தாள்கள், மேற்பார்வையாளர் கடிதம் எல்லாம் ஏற்ற வேண்டும். அது வந்த பிறகு மாநிலக் கல்வி இலாகா, அப்புறம் பள்ளி, அப்புறம் பெற்றோர் ஒப்புதல். நீங்கள் அந்தப் பள்ளி ஆசிரியராக இருந்தாலும், அது உங்கள் சொந்த வகுப்பாக இருந்தாலும் இதுதான் முறை. ஆசிரியர் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். தேவைப்பட்டால் அவர் சொல்வார் என்று நான் நினைத்திருக்கிறேன். அனுமதி இல்லாமல் எடுத்த தரவை ஆய்வில் சேர்க்க முடியாது என்று முடிவாகிவிட்டது. இருபத்தெட்டுத் தாள்கட்டும் வீணாயின. அன்று திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் அழுகை வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தவும் முடியாத இடம், அழுதுகொண்டே ஓட்டினேன்.

அந்த விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் கண்டவர் கையில் போகக் கூடாது, அதற்குக் காவல் வேண்டும். தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம். முறைப்படி விண்ணப்பித்து, கடிதங்கள் வந்து சேருவதற்குள் பள்ளி ஆண்டு முடியும் கட்டம். என் பிள்ளைகள் 2024 மார்ச்சில் நான்காம் ஆண்டுக்குப் போய்விட்டார்கள். புதிய வகுப்பில் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு பருவம் கூடுதலாயிற்று.

அந்த விண்ணப்பத்தைத் தொடங்குவதற்கு முன்னால்தான் சங்கம் வருகிறது. எங்கள் பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், தொழிற்சங்கத்தில் பல வருட உறுப்பினர். அவர் என் முகத்தைப் பார்த்து விசாரித்துவிட்டு, "சனிக்கிழமை கிளைக் கூட்டம் இருக்கு, வந்து ஐயாவைப் பாரு" என்றார். நான் தயங்கினேன். சங்கம் என்றால் சம்பளம், மாற்றல், ஒழுங்கு நடவடிக்கை, இதற்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பதினோரு வருடம் உறுப்பினராகாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சங்கத்தில் சேர்ந்தால் மேலே இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்ற பயம். இளம் ஆசிரியர்கள் பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது. ஒன்று சொல்கிறேன், சங்கம் சேரும் உரிமை நம் கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது விதியிலேயே இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் செய்யும் காரியம் இல்லை இது.

ஒருவழியாகப் போனேன். ஐயா ஓய்வு பெற்ற ஆசிரியர். முன்னால் இரண்டு தடித்த கோப்புகள். சுற்றறிக்கைகள் ஆண்டு வாரியாக, ஓரத்தில் பென்சில் குறிப்போடு. முனை மழுங்கிய அந்தப் பென்சிலாலேயே வரி வரியாகக் காட்டினார். நான் கதையைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்: "எழுத்தில என்ன இருக்கு டீச்சர்?" எதுவும் இல்லை என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. நேராக ஒன்று சொன்னார். பிரச்சினை தொடங்கிய பிறகு உறுப்பினராகிறவருக்காகச் சங்கம் முறையாக வழக்கெடுத்துப் பேச முடியாது, ஆனால் வழி சொல்லித்தரத் தடையில்லை. இது நியாயம்தான். வருடக் கணக்காகச் சந்தா கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கும் இது பாடம். சங்கத்தில் தேவை வருவதற்கு முன்னால் சேருங்கள், வந்த பிறகு அல்ல.

அன்றைக்கு அவர் காட்டிய ஒரு பக்கத்தை நான் மறக்க மாட்டேன். ஆசிரியர்களின் நிலை குறித்து அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1966 அக்டோபர் 5-ஆம் தேதி வெளியிட்ட பரிந்துரை. உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5-இல் வருவது அதனால்தான். நாம் இங்கே மே 16-ஐக் கொண்டாடுவதால் அந்தத் தேதி பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அந்தப் பரிந்துரையில் ஓர் இடத்தில், பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கான தொடர் பயிற்சியை ஆசிரியர் அமைப்புகளோடு கலந்து பேசி ஏற்படுத்த வேண்டும், அது எல்லா ஆசிரியருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐயா 'இலவசமாக' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். அது சட்டம் இல்லை, பரிந்துரைதான். ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் இவ்வளவு நாள் என் ஆசை, என் செலவு என்று நினைத்துக்கொண்டிருந்ததை உலகம் ஐம்பத்தேழு வருடத்துக்கு முன்பே பொதுப் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. அதிலும் கலந்து பேச வேண்டியவர்களாக ஆசிரியர் அமைப்புகளைச் சொல்லியிருக்கிறது. நாம் உறுப்பினராக இல்லாவிட்டால் அந்த மேசையில் நம் குரல் எப்படிக் கேட்கும்?

நம் நாட்டுக் கதையையும் அவர்தான் சொன்னார். 1967-இல் ஆசிரியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். பெண் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் அதில் ஒரு முக்கியக் கோரிக்கை. அதன் பிறகுதான் ஆசிரியர் பணி குறித்த அஸிஸ் அரச ஆணையம் வந்தது. இன்று நாடெங்கும் எல்லாரும் என்.யு.டி.பி. என்று சொல்லும் தேசிய ஆசிரியர் சங்கம் 1974-இல் உருவானது. அதன் பொதுச் செயலாளராக நீண்ட காலம் இருந்தவர் ந. சிவசுப்பிரமணியம். அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸின் தலைவராகவும் பிறகு மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் ஆணையராகவும் இருந்தவர். ஆணுக்குக் கிடைக்கும் அதே சம்பளத்தை நான் மாதா மாதம் வாங்குகிறேன். அதற்காக யாரோ சம்பளத்தை இழந்து வீதியில் நின்றிருக்கிறார்கள் என்பது பதினொரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதை ஒரு மணி நேரமாவது சொல்லியிருக்கலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த வாரமே உறுப்பினரானேன். சந்தா சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள், மாதத்தில் ஒரு நாள் வெளியில் பசியாறும் காசுதான். கிளையில் ஒரு சிறு குழு இருந்தது, மேல்படிப்புப் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும். அவர்களில் மூன்று பேர் இ-ராஸ் விண்ணப்பத்தை ஏற்கெனவே செய்தவர்கள். என் பாரத்தை அவர்களோடு உட்கார்ந்து ஒரே பிற்பகலில் முடித்தேன். எந்தப் பத்தியை நீளமாக எழுத வேண்டும், எந்த இடத்தில் கேள்வி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிற்பகல் ஒரு வருடம் முன்பே கிடைத்திருந்தால் 4,600 வெள்ளியும் ஒரு வருடமும் மிச்சம்.

2025 தொடக்கத்தில் படிப்பு முடிந்தது. அந்தச் சமயம் புதிய சம்பள முறை வந்து என் தரம் டி.ஜி.44 என்பதிலிருந்து டி.ஜி.10 ஆகியிருந்தது. சான்றிதழை என் பணிப் பதிவில் சேர்க்கக் கொடுத்தபோது எதிர்பார்த்தது நடந்தது. "படிப்பதற்கு வாங்கிய அனுமதிக் கடிதம் எங்கே?" என்று கேட்டார்கள். முன்பு இருந்த நானாக இருந்தால் முகப்பிலேயே நின்று வாதாடியிருப்பேன், அல்லது வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன். இந்தத் தடவை ஐயா சொன்னபடி செய்தேன். நடந்ததை மறைக்காமல், தேதி வாரியாக, ஒரே பக்கத்தில் விளக்கக் கடிதம். சேர்க்கைக் கடிதம், பருவ முடிவுகள், வகுப்புகள் எல்லாம் சனிக்கிழமை என்பதற்கான அட்டவணை ஆகியவை இணைப்பு. பழைய தலைமையாசிரியரைத் தேடிப் போய், அவருக்கு வாய்மொழியாகத் தெரிவித்ததை எழுதி வாங்கினேன். அவரும் மனம் கோணாமல் எழுதிக்கொடுத்தார். எல்லாவற்றையும் இப்போதைய தலைமையாசிரியர் வழியாகவே அனுப்பினேன், ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்தேன். ஐந்து மாதம் ஆயிற்று. பதிவில் ஏறிவிட்டது. நீங்கள் இப்படி மாட்டிக்கொண்டால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ஒரு கடிதம், ஒரு முத்திரை, ஒரு நகல்.

சங்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கிளைக்குக் கிளை வித்தியாசம் இருக்கிறது. சில இடங்களில் வருடாந்திரக் கூட்டம் நடத்தி, விருந்து போட்டு, குழுப் படம் எடுப்பதோடு சரி. அப்படிப்பட்ட கிளை உங்களுடையது என்றால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: பணி உறுதிப்பாட்டுக்கு வழிகாட்டும் பட்டறை உண்டா, ஆய்வு விண்ணப்பத்துக்கு உதவும் ஆள் உண்டா, உறுப்பினர்களுக்கு என்ன பயிற்சி தேவை என்று எப்போதாவது கேட்டீர்களா? கேட்டால்தான் நடக்கும். எங்கள் கிளையில்கூட அந்தப் படிப்புக் குழுவை நான்கு பெண் ஆசிரியைகள் நச்சரித்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

இப்போது அந்தக் குழு மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறது. இரண்டு மணி நேரம்தான், பாலம் தாண்ட வேண்டியதில்லை. ஒருவர் தன் வகுப்பில் நடந்ததைக் கொண்டுவருவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். என் பழைய இருபத்தெட்டுத் தாள்கட்டுகளை ஆய்வில் சேர்க்க முடியாது என்றாலும், அவற்றைப் பார்த்து நான் தெரிந்துகொண்டதை எடுத்துச் சொல்லத் தடையில்லை. பிள்ளைகளின் பெயரைச் சொல்லாமல் 'பழம்' கதையைச் சொன்னேன். பிறை பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் ஆசிரியர் அதே எழுத்தில் தன் வகுப்பில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்றார். அன்று பேசியதிலிருந்துதான் ஒரு கோரிக்கை பிறந்தது. தமிழ் வாசிப்பில் திணறும் பிள்ளைகளுக்கு எப்படிப் படித்துக்கொடுப்பது என்பதைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழிலேயே ஒரு பயிற்சி வேண்டும். பள்ளி விடுமுறையில் இல்லாமல் பள்ளி நாளில் நடக்க வேண்டும், பயணச் செலவு கோர வழி இருக்க வேண்டும். இலாகாவில் ஊழியர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் உட்காரும் துறைக் கூட்டு மன்றம் ஒன்று இருக்கிறது. அதன் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கிளையின் பெயரில் கடிதம் போட்டோம். பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது கடிதத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முதல் கடிதத்தின் நகலும் பெற்றுக்கொண்ட முத்திரையும் என் கோப்பில் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை வரைவை எடுத்துக்கொண்டு போகிறேன்.